மாட்டைத் தொடாத பயணம்

“பசுவுக்குக்கூட வருஷத்துல ரெண்டு மாசம் லீவு குடுக்கற. கறவை நின்னா புல்லுல அவுத்து விட்டுடற. என்னை எந்தப் புல்லுல விட்ட, நெவில்?”

வால்மா இப்படிக் கத்தியது கறவைக் கொட்டகையில், பாதி மாடுகளைக் கறந்து முடித்து மீதிப் பாதி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது. கன்றுகளுக்குப் பால் வாளி எடுத்துப் போக வந்த நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். சண்டை பார்க்கத்தான், வேறு எதற்கு.

நெவில் என் தம்பி. வால்மா அவன் மனைவி. அவன் தலையைத் தூக்காமலே, “அந்தக் கடைசி மாட்டுக்கு மிஷினை மாட்டு, வால்,” என்றான்.

“மாட்ட வரல. விரல் மரத்துப் போச்சு. மூணு தடவை கீழ போட்டுட்டேன், நீ பாக்கல. நீ எப்பப் பாத்த? மடியத் தவிர உன் கண்ணுல என்ன பட்டிருக்கு?”

வால்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் கையில் ஆரம்பிக்க வேண்டும். கடலோர நகரமான வார்னம்பூலில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தவள். அழகான கை. பெட்டியிலிருந்து செருப்பை எடுத்து, தாளைப் பிரித்து, உங்கள் காலில் மாட்டிவிடும்போது உங்களுக்கே உங்கள் கால் பிடித்துப்போகும். ஒரு சனிக்கிழமை நடன விருந்தில் நெவில் அவளிடம், தனக்குக் கடலோரம் நிலம் இருப்பதாகச் சொன்னான். நிலம் இருந்தது எங்கள் ஊர் டிம்பூனில். கடல் அங்கிருந்து காரில் போகிற தூரம். காற்று அந்தப் பக்கமாக அடித்தாலும் புளித்த தீவன நாற்றத்தைத் தாண்டி உப்பு வாசனை வராது. கல்யாணம் முடிந்த முதல் காலை வெள்ளைச் செருப்போடு கொட்டகைக்கு வந்தாள். அதற்குப் பிறகு வெள்ளைச் செருப்பு வாங்கவேயில்லை. காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை, பிள்ளை பெற்ற வாரம் மட்டும் விடுப்பு. அந்தப் பிள்ளை இப்போது பெர்த் பக்கம் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். மாடு என்றாலே போனை வைத்துவிடுவான்.

மணிக்கட்டில் இரண்டு முறை அறுவை செய்தாகிவிட்டது. மூன்றாவது செய்தாலும் பலனில்லை, மிஷினைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெவிலிடம் பதில் தயாராக இருக்கும். கன்று போடுகிற காலம் முடியட்டும். மழை வரட்டும். பால் விலை ஏறட்டும். என் தம்பிதான், இருந்தாலும் சொல்கிறேன், அவன் பொய்யனில்லை. ஆனால் நாளைக்கு என்று சொல்லியே ஒருத்தியின் ஆயுளைக் கரைக்கத் தெரிந்தவன்.

அன்றும் அதையே சொன்னான். “நேரம் வந்தா விட்டுடுவேன், வால்.”

“நீயா? உன்னைப் பொட்டியில வச்சு ஆணி அடிச்சாலும் கறவை நேரத்துக்கு எழுந்து வந்துடுவ.”

“என்னால விட முடியும்னுதான் சொல்றேன். இப்ப நேரம் இல்ல, அவ்வளவுதான்.”

“முடியும்னா செஞ்சு காட்டு.”

பேரம் அங்கேயே முடிந்தது, மாடுகள் சாட்சியாக. ஒன்றரை மாதம் இருவரும் ஊர் சுற்றப் போக வேண்டும். அந்த ஒன்றரை மாதமும் நெவில் எந்த மாட்டையும் தொடக்கூடாது. தொடாமல் திரும்பி வந்தால், அவன் சொல்வது நிஜம் என்று வால்மா ஏற்றுக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் கறப்பாள். தொட்டுவிட்டால் அவள் திரும்ப டிம்பூனுக்கு வரமாட்டாள். வார்னம்பூல் போய்விடுவாள், தனியாக.

“ஐடாவும் வரணும்,” என்றாள் வால்மா. ஐடா நான்தான். “எனக்கு ரெண்டு கண்ணுதான் இருக்கு.”

எனக்கு என்ன போகிறது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை என்னை மெல்போர்ன் போகிற வழியில் இருக்கிற கீலாங்கைத் தாண்டிக் கூட்டிப் போனதில்லை. அவர் போன பிறகு அவருடைய படகை விற்று வைத்திருந்தேன். அதில் டிக்கெட் எடுத்தேன்.

எங்கே போவது என்பதிலும் சண்டை. நியூசிலாந்து பக்கம்தானே, அழகாக இருக்குமாமே என்று நெவில் மெதுவாக எடுத்துவிட்டான்.

“அங்க மனுஷனைவிட மாடு அதிகம். என்னை என்னன்னு நினைச்ச?” என்றாள் வால்மா. அடுப்பங்கரைக் காலண்டரில் ஒரு பனிமலைப் படம் இருந்தது. நீல நிறத்தில் பனி செங்குத்தாக ஏரிக்குள் இறங்குகிற படம். அர்ஜென்டினாவின் தெற்குக் கோடி. “இங்க போறோம். பனியில என்ன மேயும்?”

கறவையை ஷெல்லியிடமும் அவள் புருஷனிடமும் ஒப்படைத்தோம். எங்கள் தெருக்கோடியில் இருக்கிறவர்கள்தான். கூலிக்குக் கறப்பவர்கள், கெட்டிக்காரர்கள், சொந்தமாக நிலம் மட்டும் இல்லை. கிளம்பும் காலையில் நெவில் ஒவ்வொரு மாட்டின் குணத்தையும் சொல்லிக்கொண்டே போனான். ஷெல்லி கடைசியில், “போய்த் தொலை நெவில், ப்ளேன் போயிடும்,” என்றாள்.

வால்மா ஒன்றை யோசிக்கவில்லை. பனிமலைக்குப் போகிற வழியை. சிலி நாட்டின் தலைநகரில் இறங்கித் தெற்கே பஸ்ஸில் போகப் போக மண் பச்சையாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் காலை கண் விழித்தால் இரண்டு பக்கமும் எங்கள் ஊர். அதே புல், அதே வேலி, அதே கறுப்பு வெள்ளை மாடு. ஒரு பக்கத்தில் ஓர் எரிமலை மட்டும் கூடுதல்.

“எழுந்திரு,” என்றாள் வால்மா. “இடம் மாறு. இந்தப் பக்கம் வந்து எரிமலையப் பாரு.”

“பாத்துட்டேன்.”

“இன்னொரு தடவை பாரு. அதுக்குத்தான் காசு குடுத்திருக்கோம்.”

அவன் எரிமலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கக் கண்ணாடியில் மாடு தெரியும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பியது. வால்மா தொப்பியைக் கழற்றி அவன் முகத்துக்குப் பக்கத்தில் மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சீக்கிரம் மரத்துப்போய்விடும் என்பதால் நடுவில் நான் வாங்கிப் பிடித்தேன். பஸ்ஸில் இருந்த ஜெர்மன்காரர்கள் அவனுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்கள்.

பனிமலையையும் பார்த்தோம். காலண்டரில் இருந்ததைவிடப் பெரிது. ஒரு துண்டு உடைந்து தண்ணீரில் விழுந்தபோது இடி மாதிரி சத்தம். வால்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதற்கு முன்பு ஒரு தரம்தான், அதுவும் வெங்காயம் நறுக்கும்போது. நெவில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு தண்ணி, ஒரு புல்லு இல்ல,” என்றான். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

பியூனஸ் ஐரிஸில் தட்டை மறைக்கிற அளவுக்கு மாட்டுக்கறி கொண்டுவந்து வைத்தார்கள். நெவில் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“இது கணக்குல வருமா?”

“திங்கலாம். தொடத்தான் கூடாது.”

அந்தச் சாப்பாட்டில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நாளாகியிருந்தது. அந்த ஊரிலிருந்து அகலமான ஆற்றைக் கப்பலில் கடந்தால் உருகுவே. நடந்து நடந்து வால்மாவுக்குக் கால் வீங்கிவிட்டதால் ஊருக்கு வெளியே ரோஜாச் செடி வைத்த ஒரு விருந்தினர் வீட்டில் தங்கி ஓய்வெடுத்தோம். விளம்பரப் படத்தில் ரோஜாதான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்ததைப் படம் பிடிக்கவில்லை.

நெவிலுக்குப் பயணம் முழுக்க விடியுமுன் விழிப்பு வந்துவிடும். உடம்புப் பழக்கம். மற்ற ஊர்களில் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். இங்கே மட்டும் ஆற்றோரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். பனிமலைக்கென்று வால்மா வாங்கிக்கொடுத்த புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு போவான். காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பும்போது முகத்தில் ஒரு களை. ரொட்டிக்கு மேல் ரொட்டி தின்றான். விசில்கூட அடித்தான்.

ஏதாவது வாசனை வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். என் மேலும் நெவில் மேலும் பிறந்ததிலிருந்து, வால்மா மேல் கல்யாணத்திலிருந்து, அந்த வாசனைதான். புதிதாக ஏறியதை யார் கண்டுபிடிப்பது.

“பாத்தியா ஐடா,” என்றாள் வால்மா, ரோஜாத் தோட்டத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. “முகமே தெளிஞ்சுடுச்சு. நான் என்னவோ இவனால முடியாதுன்னு நினைச்சேன்.”

“அப்ப திரும்பிப் போய் கறப்பியா?”

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள். மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் ஒழுங்காக மடங்கின. “சொன்னத அவன் செஞ்சுட்டான்ல. நானும் செய்யணும். ஒரு வருஷம்தானே.”

“உன் இஷ்டம்,” என்றேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பேரம் பேசியவள் அவள்.

பிறகு மெல்போர்ன் வந்து இறங்கினோம். பெட்டிகள் வந்தன. வெளியே போகிற வழி இரண்டாகப் பிரிகிற இடம் உங்களுக்குத் தெரியும். கையில் எதுவும் இல்லாதவர்கள் நேராகப் போகலாம். உணவு, விதை, மண், தோல் என்று ஏதாவது வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம் மேஜைக்குப் போய்க் காட்ட வேண்டும். வால்மா நேரே நடந்தாள். நான் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தால் நெவில் மேஜைப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“டேய், எங்க போற?” என்றேன். “அது சாமான் காட்டறவங்களுக்கு.”

“காட்டணும்.”

“என்னத்தக் காட்டப் போற? தொப்பியயா?”

“பூட்ஸ.”

வால்மா திரும்பி வந்தாள். அதற்குள் அவன் பெட்டியைத் திறந்து, துணிக்கடியில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த பூட்ஸை மேஜையில் வைத்துவிட்டான். மேஜைக்குப் பின்னால் சீருடையில் ஒரு பெண். பையைப் பிரித்ததும் அவளுக்கு மூக்கு சுருங்கியது. தையலெல்லாம் காய்ந்த சாணி.

“பண்ணைக்குப் போனீங்களா?”

“போனேன்.”

“சும்மா பாக்கவா?”

“பால் கறந்தேன்.”

“எங்க?”

“உருகுவேயில. ஹொராசியோன்னு ஒருத்தர் கொட்டகை. நாங்க தங்கின வீட்டுக்குப் பின்னாடி. அங்கேர்ந்து கிளம்பற அன்னிக்கு வரைக்கும் தினம் காலைல.” யாரும் கேட்காமலே, “அவரோட கறவை மிஷின் பம்பு சத்தம் சரியில்ல. படுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு. அத மாத்தப் போனேன், அப்புறம் நின்னுட்டேன்,” என்றான்.

அந்தப் பெண் அவனைக் கண்டபடி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பூட்ஸைத் தட்டில் எடுத்து வைத்தாள். “சொன்னது நல்லதாப் போச்சு. உங்க வீட்ல மாடு இருக்கா?”

“இருக்கு.”

“ஒரு வாரம் அதுங்க பக்கமே போகாதீங்க. வேற யார் மாட்டுக்கிட்டயும் போகாதீங்க. போட்ட துணியெல்லாம் சுடுதண்ணில துவைங்க. பூட்ஸ நாங்க கழுவித் தரோம்.”

அவள் உள்ளே போனதும் வால்மா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

“என்கிட்ட ஆத்தோரம் நடந்தேன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“அதே வாயால இந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லியிருக்கலாமே. நேரா நடந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் உனக்குக் கறந்திருப்பேன்.”

“தெரியும்.”

“அப்புறம்?”

“அந்த ஊர்ல கோமாரி வந்து போயிருக்கு, வால். இன்னும் ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஹொராசியோ மாட்டுக்கு ஒண்ணும் இல்ல, நான் பாத்தேன், வாயும் குளம்பும் சுத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா என் கண்ண நம்பி எப்படிப் போறது? என் மாட்டுக்கு மட்டும்னா சரி. ஒரு மாட்டுக்கு வந்தா டிம்பூன், கோப்டன், டெராங், எல்லார் மாட்டையும் சுட்டுப் புதைச்சிடுவாங்க.”

“பொண்டாட்டிக்குப் பொய். மாட்டுக்கு உண்மை.”

அவன் பெட்டியை மூடிப் பூட்டினான். பால்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். எங்கள் அப்பா, அம்மாவிடம் குடியைப் பற்றி ஆயிரம் பொய் சொன்னவர், தன் மாட்டுக்கு மடிநோய் என்றால் அந்தப் பாலில் ஒரு சொட்டு நல்ல பாலோடு சேரவிட மாட்டார்.

கழுவின பூட்ஸ் ஈரமாகவே வந்தது. நெவில் காரை ஓட்டினான், வால்மா முன்னால், நான் பின்னால். கேம்பர்டவுன் வந்தது. அங்கே இடது பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். நேராகப் போனால் வார்னம்பூல். நெவில் காரை ஓரம் கட்டினான்.

“நான் ஒரு வாரம் அங்க போகக் கூடாது,” என்றான்.

“நான் எப்பவும் போகப் போறதில்ல,” என்றாள் வால்மா. “நேரா விடு.”

“வார்னம்பூல்ல எங்க இறங்குவ?”

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “ஃபிளாட்டு. கடல் தெரியும். கிளம்பறதுக்கு முந்தின வாரமே வாடகை பேசிச் சாவி வாங்கிட்டேன்.”

நெவில் சாவியைப் பார்த்தான். “நான் தோப்பேன்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். உருகுவேயில மட்டும் ஒரு நாள், சாவியத் திருப்பிக் குடுத்துடலாமான்னு நினைச்சேன். அதுக்குத்தான் எனக்கு ஆத்திரம்.”

“இந்த ஒரு வாரம் நான் எங்க இருக்கறது?”

“என் வீட்ல இரு. விருந்தாளி. வாரம் முடிஞ்சா கிளம்பிடணும்.”

அந்த ஃபிளாட்டில் ஒரு கட்டில், ஒரு சோபா, உட்கார ஒரு நாற்காலி. நானும் அந்த வாரம் அவர்களோடு தங்கினேன், சோபா எனக்கு. நாற்காலி வால்மாவுக்கு, ஜன்னல் ஓரம். கட்டிலில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிப் படுத்தார்கள். நெவில் சாப்பிடும்போதும் பேப்பர் பார்க்கும்போதும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவான். துணி முழுவதையும் அவனே சுடுதண்ணீரில் துவைத்தான், அவள் துணியையும் சேர்த்து. இருட்டோடு எழுந்து கடற்கரைக்குப் போவான். அந்த மாதத்தில் எங்கள் கடலுக்குத் திமிங்கிலங்கள் குட்டி போட வரும். ஒரு நாள் திரும்பி வந்து வாளியில் உட்கார்ந்தான்.

“குட்டிக்குப் பால் குடுக்குது, வால். தண்ணிக்குள்ளயே. ஒரு நாளைக்கு எவ்வளவு கறக்கும்னு நினைக்கற?”

“போய்த் தொட்டுப் பாரு. அதுதான் பாக்கி,” என்றாள் அவள். ஆனால் மறுநாள் காலையில் அவளும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அவனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஷெல்லிக்குத் தினமும் போன் போட்டான். எல்லாரும் கேட்கும்படி அவள் குரல் வரும்.

“அந்த ஒத்தைக் கொம்புக்காரி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. உன்னக் கேக்கவே இல்ல.”

“பால் குறைஞ்சிருக்கா?”

“கூடியிருக்கு, நெவில். நான் மெதுவாக் கறக்கறேன். நீ அதுங்கள விரட்டுவ.”

போனை வைத்த பிறகு அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வால்மா பார்க்கவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரம் முடிந்த காலையில் நெவில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான். வால்மா முட்டை பொரித்தாள். இரண்டு பேருக்குத்தான் பொரித்தாள்.

“திரும்ப வருவானா?” என்றேன்.

“வந்தா வரட்டும். வரலன்னா மாட்டோட இருக்கட்டும். நான் அந்தக் கொட்டகைல கால் வைக்கமாட்டேன், ஐடா. இந்தக் கைக்கு இனிமே கரண்டிதான்.” கரண்டியும் நழுவியது. நான் குனிந்து எடுத்துக்கொடுத்தேன்.

மத்தியானம் வாசலில் இடிபடுகிற சத்தம். நெவில் ஒரு பெரிய நாற்காலியைத் தலையில் கவிழ்த்தபடி படி ஏறி வந்துகொண்டிருந்தான். பச்சைத் துணி போர்த்தியது, கை வைக்கிற இடத்தில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை. கொண்டுவந்து ஜன்னலுக்குப் பக்கத்தில், வால்மா நாற்காலிக்கு இடித்தாற்போல் இறக்கினான்.

“மாட்டப் பாத்தியா?” என்றாள் வால்மா.

“கேட்டுக்கு வெளிய நின்னேன். எல்லாம் திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் மேயப் போயிடுச்சு.”

“ஷெல்லி?”

“அவளுக்கும் அவ புருஷனுக்கும் பாதிப் பங்கு. நிலம் நம்முது, உழைப்பு அவங்களுது. கைகுடுத்துட்டேன். வியாழக்கிழமை மட்டும் நான் போய்ப் பாப்பேன். கறக்க மாட்டேன். வேலியோட நிப்பேன்.”

வால்மா எழுந்து வந்து நாற்காலியைச் சுற்றிப் பார்த்தாள். துணியைத் தடவினாள். சுட்ட ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள்.

“இதப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்தக் கதவுல நுழையாது.”

“நுழையாது,” என்றான் அவன். “அளந்து பாத்துட்டுத்தான் வாங்கினேன்.”

அவள் மறுபடி போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தான். அது ஒரு பக்கம் சாய்ந்தது.

“எங்க பிடிச்ச இத?”

“பழைய சாமான் கடைல.”

“எவ்வளவு கேட்டான்?”

“அறுபது. ஒரு கால் ஆடுதுன்னு காட்டினேன். நாப்பத்தஞ்சு டாலருக்குக் குடுத்துட்டான்.”